மூங்கில் காட்டின் கறுப்புக் கல்

மூங்கில் காட்டு மான்களுக்கு ஒரு கொள்ளை நோய் வந்தது. வாயில் புண், காலில் புண், மூன்றாம் நாள் சாவு. பூவரசி என்ற மானின் கூட்டம் யாரோடும் சேராமல் ஒரு புதருக்குள் ஒதுங்கிக்கொண்டது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு மான் காவல் நிற்கும், மற்றவை தூங்கும். காவல் மாறும்போது, "தூங்கினாயா?" என்று மற்ற மான்கள் கேட்கும். தூங்காத மானுக்குக் காவல் கிடையாது.

அந்தப் புதரில் பூவரசி ஒரு கறுப்புக் கல்லைக் கண்டது. மூக்கால் தொட்டால் வெளிச்சம் வந்தது. உள்ளே படம் தெரிந்தது. கிழக்கு மலையில் ஏழு மான்கள் செத்துக் கிடந்தன. மறுபடி தொட்டால், ஓடைக்கரையில் பன்னிரண்டு. தொடத் தொடப் புதுச் சாவு. அவ்வளவுதான் என்று அந்தக் கல் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பூவரசிக்கு ஒரு மாதக் குட்டி இருந்தது. முள்ளில் இடது காது கிழிந்த குட்டி. நோய் வரும் வழி தெரிந்தால் அதைக் காப்பாற்றிவிடலாம் என்று பூவரசி நினைத்தது. பாவம், பெற்ற மனசு. பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடியது, வழி தெரியவில்லை.

நாத்தனார் மான் கொன்றை கெஞ்சியது. "அண்ணி, மூணு நாளா நீங்க கண்ணே மூடல. மத்தியானம் உங்க காவல். கொஞ்சம் படுங்க."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் படுக்கறேன்."

அந்த ஒன்று முடியவே இல்லை.

மத்தியானம் மற்ற மான்கள் வழக்கம்போலக் கேட்டன. தூங்கினேன் என்று பூவரசி சொல்லிவிட்டது. அவை அதை நம்பிப் படுத்தன.

திடீரென்று காட்டில் குருவிச் சத்தம் நின்றுபோனது. நன்றாகத் தூங்கி எழுந்த எந்த மானும் உடனே காதை விடைத்திருக்கும். பூவரசிக்குக் கண் மட்டும்தான் திறந்திருந்தது. காதும் மூக்கும் உறங்கிவிட்டன. காலடியில் கல் மினுங்கியது. பூவரசி குனிந்து தொட்டது.

படத்தில் ஒரு மூங்கில் புதர். அதன் முன்னால் தலை குனிந்து நிற்கும் ஒரு மான். அந்த மானின் முதுகுக்குப் பின்னால் ஒரு குட்டி தூங்கியது. அதை நோக்கிச் செந்நாய்கள் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தன.

"ஐயோ, யார் பெத்த புள்ளையோ," என்று பூவரசி பதறியது. "அடியே, திரும்பிப் பாருடி!"

அந்த மான் திரும்பவில்லை. குட்டி மட்டும் தலையைத் தூக்கியது. அதன் இடது காது கிழிந்திருந்தது.

பூவரசி திரும்பியது. அதற்குள் கூட்டம் அலறிச் சிதறிவிட்டது. குட்டி படுத்திருந்த இடத்தில் புல் நசுங்கியிருந்தது. அதில் சூடு இன்னும் ஆறவில்லை.

கல் மறுபடி ஒளிர்ந்தது. மூங்கில் காட்டில் ஒன்று என்று அது காட்டியது.

எங்கோ நடக்கும் கேட்டையே ஓயாமல் பார்த்துத் தூக்கத்தைத் தொலைப்பவர், பக்கத்தில் இருப்பவரைக் காக்கும் வலுவையும் தொலைத்துவிடுவார்.