மூன்று ஏக்கர்ச் சொட்டு

கோயிலில் பூத்தொடுக்கும் சவேரியம்மா அக்கா இதை எனக்கு முதலில் சொன்னபோது, மூத்தவன் என் வயிற்றில் ஏழு மாதம். சிரித்த சிரிப்பில் ஜெபமாலை கை நழுவிவிட்டது. ஆண்டவர் மன்னிப்பார்.

மொட்டைப்பாறை என்ற ஊரில் கொம்பையா என்று ஒருவன். செக்கு ஆட்டும் உலகநாதரின் மகள் பூவாயி மேல் அவனுக்கு உயிர். துணிந்து பெண் கேட்டுப் போனான். துணைக்கு அவனுக்கு நிகரான மூளைக்காரர்கள் இரண்டு பேர்: சீனிமுத்து, ஒச்சப்பன்.

உலகநாதர் நிபந்தனை வைத்தார். நாற்பது வருஷமாய் எண்ணெய் ஆட்டியும், எண்ணெயில் அதற்குமேல் உடைக்க முடியாத ஆகச் சின்ன மணி எவ்வளவு பருமன் என்று அவருக்குத் தெரியாதாம். அளந்து சொல்கிறவனுக்குத்தான் மகளாம்.

வழியும் அவரே சொன்னார். நெல்லை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் களத்தில் பரப்பினால் கனம் ஒரு மணிதானே? எண்ணெயும் தண்ணீரில் அப்படித்தான் பரவும். தண்ணீர் மேல் மாவைத் தூவி நடுவில் ஒரு சொட்டு விட்டால், மாவைத் தள்ளிக்கொண்டு வட்டமாய் நிற்கும். மாவில்லாத இடமெல்லாம் எண்ணெய். அந்த இடத்துக்குச் சொட்டைப் பங்கிட்டால் மணியின் பருமன் வந்துவிடும். சொல்லிவிட்டு, ஆலிலையில் ஒரே ஒரு சொட்டு கொடுத்தனுப்பினார்.

எந்தத் தண்ணீர் என்று அவர் சொல்லவில்லை. மூவரும் ஊரணிக்குப் போய் மூட்டை மூட்டையாய் அரிசிமாவு தூவினார்கள். கொம்பையா கழுத்தளவு நீரில் நின்று, பூவாயியை நினைத்துக்கொண்டு சொட்டை விட்டான்.

மாவு விலகி, ஒரு பாய் அகலத்துக்கு வட்டம் விழுந்தது. சீனிமுத்து அளக்கக் கயிற்றை எடுப்பதற்குள் கெண்டை மீன்கள் வந்துவிட்டன. மாவைக் கண்டால் மீன் விடுமா? தின்னத் தின்ன வட்டம் பெருகியது.

"எண்ணெய் இன்னும் ஓடுதுடா" என்றான் ஒச்சப்பன்.

"ஓடாம? மாமா கலப்படம் பண்ணாத மனுஷன்" என்றான் கொம்பையா.

மத்தியானத்துக்குள் ஊரணியில் ஒரு பொட்டு மாவில்லை. எண்ணெய் கரையேறி அடுத்த ஊருக்குப் போய்விட்டால், அங்கே எவனாவது அளந்து பூவாயியைக் கட்டிக்கொள்வானே என்று கொம்பையா கரையில் குறுக்கே படுத்துக்கொண்டான்.

ஊரணி மூன்று ஏக்கர். பங்கிடப் பங்கிட, சீனிமுத்துவுக்குக் கைவிரலும் கால்விரலும் தீர்ந்துபோயின.

"ஒண்ணுமில்லாததை விடக் கொஞ்சம் மெலிசு" என்றான் கடைசியில்.

"ஒண்ணுமில்லாததை விட மெலிசா எதுவும் இருக்குமா?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"இருக்கே. அதானே அளந்தோம்."

கொம்பையா அதை அப்படியே போய்ச் சொன்னான். உலகநாதர் கண்ணை மூடிக் கேட்டார்.

"என் சொட்டு மூணு ஏக்கரா?"

"ஆமாங்க மாமா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பொண்ணைத் தந்தேன் மாப்பிள்ளை. ஆனா அப்பேர்ப்பட்ட சொட்டை ஊரணியில விட்டுட்டு எனக்குச் சோறு இறங்காது. அதை மீட்டுக் கொண்டாந்து குடுத்துட்டுத் தாலியைக் கட்டுங்க."

அன்றிலிருந்து மூவரும் ஊரணியைக் குடம் குடமாய்ச் சுமந்துவந்து செக்கில் ஊற்றுகிறார்கள். மாடு சுற்றுகிறது. பூவாயி மஞ்சள் பூசிக்கொண்டு செக்கடியில் காத்திருக்கிறாள். நடுவில் ஒரு மழை பெய்து ஊரணி நிரம்பியது. சொட்டு குட்டி போட்டிருக்கிறது என்று மாமனாருக்கு ஏக சந்தோஷம்.

மூன்று பேருக்கும் இருப்பது ஒரே குடம், அதிலும் ஓட்டை. உங்கள் வீட்டில் சும்மா கிடக்கிற குடம் ஏதாவது இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.