மடைப்பள்ளியில் தட்டி எரிந்த கதை

பாளையக்காரர் மடைப்பள்ளியின் தலைமைச் சமையற்காரர் சிங்காரவேலுவுக்கு ஓயாத ஒரே பயம்: ஒருவர் கைப்பக்குவம் இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது. அடுப்புக்கு அடுப்பு ஓலைத் தட்டி வைத்து மறைத்தார். அப்படியும் மாவரைக்கும் செங்கமலம், பக்கத்து அடுப்பு மாயாண்டியைப் பார்த்தே ஜாங்கிரி பிழியப் பழகிவிட்டாள்.

விருந்தன்று அது கண்ணில் பட்டதும் மனுஷர் குதித்தார். "அவனிடம் கற்றதை இப்போதே அவனிடம் திருப்பிக் கொடு. இல்லாவிட்டால் வெளியே போ!"

"ஆகட்டும் ஐயா. எல்லாருமே அவரவர் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்" என்றாள் அவள்.

மாவின் பதத்தைச் செங்கமலத்திடம் கற்றிருந்த மாயாண்டி, பிழிகிற துணியைக் கீழே வைத்தான். பாகின் கம்பிப் பதத்தை மாயாண்டியிடம் கற்றவன் கரண்டியை வைத்தான். மடைப்பள்ளியே கைகட்டி நின்றது. பந்தியில் இலை போட்டாயிற்று. இனிப்பு எங்கே என்று ஆள் மேல் ஆள் வந்தது. கடைசியில் பாளையக்காரரே வந்து வாசலில் நின்றார்.

"நகருங்கள், நானே செய்கிறேன்!" சிங்காரவேலு அவசரமாக மாவைக் கிள்ளி, மிதக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர்ச் செம்பில் போட்டார்.

"ஐயா, அந்தச் சோதனை என்னுடையது" என்றாள் செங்கமலம். "போன பொங்கலுக்கு என்னைப் பார்த்துத்தானே பிடித்துக்கொண்டீர்கள்? முதலில் அதைக் கொடுங்கள்."

சிங்காரவேலு செம்பைக் கீழே வைத்தார். பாளையக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பசி காதை அடைக்கிறது. அடுப்பு எரியட்டும்!"

விறகு ஈரம். பிடுங்கி அடுப்பில் செருகிய ஓலைத் தட்டிகள்தான் சட்டென்று பற்றிக்கொண்டன.