சும்மா நின்றவர் செய்த குற்றம்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ளுங்கள், அதற்கெல்லாம் என்னிடம் உத்தரவு கேட்க வேண்டாம். உத்தரவு கேட்டே காலை நீட்ட வேண்டியிருந்த ஓர் அரண்மனையின் கதைதான் இது.

முன்னொரு காலத்தில் கொன்றையூரை மதங்கவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்கு நுனியில் கோபம். ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்குகிறான், செருப்பைக் காணோம். யாரோ ஒரு வேலைக்காரன் அதைத் துடைத்து அழகாகச் சுவரோரம் வைத்திருக்கிறான். ராஜாவின் வெறுங்கால் ஜில்லென்று தரையில் பட்டது. அவ்வளவுதான்.

"யாரைக் கேட்டு நகர்த்தினான்?" என்று ஒரு கத்தல்.

இதற்காகவே காத்திருந்தவர்போல ஓடிவந்தார் தாண்டவமூர்த்தி. அவையில் அவருக்குப் பெரிய ஆசனம் உண்டு. மந்திரி இளநாகரின் ஆசனம் அதைவிட ஒரு விரற்கடை உயரம். அந்த ஒரு விரற்கடைதான் மனுஷனுக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, மந்திரி கொடுக்கிற இடம் இது. ஆளாளுக்குத் தோன்றியதைச் செய்கிறார்கள். ஒரு சட்டம் போடுங்கள். அரண்மனைக்குள் தாங்கள் சொல்லாத காரியத்தை ஒருவரும் செய்யக் கூடாது. செய்தால் நாடு கடத்தல்!"

மந்திரி தலையைச் சொறிந்தார். "ராஜா, நீங்கள் செய் என்று சொல்வது கொஞ்சம். செய்யாதே என்று சொல்வது கொஞ்சம். நடுவிலே கிடப்பதுதான் மலையளவு. அதை யாரும் சொல்வதில்லை, தானாக நடக்கிறது. அதில்தான் உங்கள் அரண்மனையே ஓடுகிறது."

"பார்த்தீர்களா, தாங்கள் இல்லாமலே அரண்மனை ஓடுகிறதாம்!" என்றார் தாண்டவமூர்த்தி.

போதாதா? அன்றைக்கே பறை அறைந்தாயிற்று.

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். "வீசு" என்று விசிறிக்காரியிடம் சொன்ன ராஜா "நிறுத்து" என்று சொல்ல மறந்தான். விடியவிடிய வீசி ராஜாவுக்கு ஜலதோஷம் பிடித்தது. நாவிதரிடம் ஒரு கன்னத்தைக் காட்டி "மழி" என்றவன் அப்படியே தூங்கிப்போனான். மறு கன்னத்தில் முள்ளு முள்ளாக வைத்துக்கொண்டே அவைக்கு வந்தான். அப்போதும் "என்ன பணிவு, என்ன பணிவு!" என்று அவனுக்குப் பெருமைதான்.

ஒரு மத்தியானம், சபை கூடியிருக்கிறது. ராஜா சிம்மாசனத்தில் கண்ணயர்ந்துவிட்டான். கீழே சாம்பிராணித் தட்டு. ராஜாவின் பட்டு உத்தரீயம் மெல்லச் சரிந்து, அதன் நுனி கங்கில் விழுந்தது. முதலில் புகை. அப்புறம் ஒரு சின்ன நாக்குப்போலத் தீ. அது மேலே ஏற ஆரம்பித்தது.

சபை முழுக்கப் பார்க்கிறது. ஒருவரும் அசையவில்லை.

"எழுப்பலாமா?" என்று ஒரு புலவர் கிசுகிசுத்தார்.

"எழுப்பச் சொல்லியிருக்கிறாரா? சும்மா நில்லும்!" என்றார் தாண்டவமூர்த்தி, கைகட்டியபடி.

அந்த நேரம் பார்த்துச் சபைக்குக் குடிதண்ணீர் வைக்க வந்தாள் காராயி. பார்த்தாள். "ஐயோ சாமி!" என்று ஒரு குடத்தை ராஜாவின் தலையோடு கவிழ்த்தாள். தீ அணைந்தது. மீசையில் தண்ணீர் சொட்டச்சொட்ட எழுந்தான் ராஜா.

"உத்தரவு இல்லாமல் ஊற்றிவிட்டாள்! நாடு கடத்த வேண்டும்!" தாண்டவமூர்த்திதான் முதலில் கத்தினார்.

காராயி விழுந்து கும்பிட்டாள். "வீட்டிலே தொட்டிலில் பச்சைப்பிள்ளை கிடக்கு சாமி. நான் போனால் அதுக்கு யாரு?"

ராஜாவுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் பறை அறைந்து சொன்னதை எப்படி விழுங்குவது? "சட்டம் சட்டம்தானே..." என்று இழுத்தான்.

இளநாகர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சரிதான் ராஜா. காராயி குற்றவாளி. அவளோடு தாண்டவமூர்த்தியையும் அனுப்பிவிடுங்கள்."

"என்னையா? நான் ஒன்றுமே செய்யவில்லையே! சும்மா நின்றேன்!"

"சும்மா நிற்பது ஒரு காரியம் இல்லையா?"

"அது எப்படி ஐயா காரியமாகும்?"

மந்திரி வாசல் பக்கம் திரும்பினார். "அப்பா காவல்காரா, நீ இங்கே என்ன வேலை பார்க்கிறாய்?"

"நிற்கிறேன் சாமி."

"வேறே?"

"வேறென்ன, அப்படியே நிற்கிறதுதான்."

"அதற்குக் கூலி உண்டா?"

"மகாராஜா புண்ணியத்தில் மாசாமாசம் நெல் வருது."

சபையில் ஒரு சிரிப்பு. மந்திரி ராஜாவைப் பார்த்தார். "நிற்பதற்கு நெல் அளக்கிறீர்கள் ராஜா. ஆகவே அது காரியம்தான். நீங்கள் எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்படி தாண்டவமூர்த்திக்கு எப்போது உத்தரவு போட்டீர்கள்?"

ராஜா திகைத்தான். "நான் போடவில்லையே!"

"நானும்தான் குற்றவாளி," என்றார் மந்திரி. " என் முழங்கால் நிமிர்வதற்குள் அவள் குடம் கவிழ்ந்துவிட்டது. ஊற்றினாலும் சட்டத்தை மீறியதாகும், ஊற்றாவிட்டாலும் மீறியதாகும் என்றால் மனுஷன் எங்கேதான் போவான்? இப்படி ஒரு சட்டத்தைக் காட்டில் வைத்தால் அதற்குப் பெயர் பொறி."

"மகாராஜா, இது வெறும் வாய்ச்சாலம்..." என்று ஆரம்பித்தார் தாண்டவமூர்த்தி.

"இப்போது உம்மைப் பேசச் சொன்னது யார்?" என்றார் மந்திரி.

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பில் மீசைத் தண்ணீர் தெறித்தது. எரிந்தது போக மிச்சமிருந்த பட்டைக் கழற்றிக் காராயியிடம் கொடுத்தான். "உன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டு. பால் குடிக்க அரண்மனையிலிருந்து ஒரு பசுவையும் ஓட்டிக்கொண்டு போ." பிறகு சபையைப் பார்த்தான். "இந்தச் சட்டம் இனி யாருக்கும் கிடையாது. தாண்டவமூர்த்தி ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும், அவருக்குத்தானே அது பிடித்திருக்கிறது! ஐயா, நான் சாப்பிட்டு வரும்வரை அங்கேயே நில்லும். வேறு ஒன்றும் உமக்கு நான் சொல்லவில்லை."

ராஜா போனான். சபையும் எழுந்து போனது. கடைசியாகக் கிளம்பிய இளநாகர் இன்னும் புகைந்துகொண்டிருந்த சாம்பிராணித் தட்டைத் தன் கைத்தடியால் மெல்ல நகர்த்தி, தாண்டவமூர்த்தியின் மேல்துண்டு தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் விட்டார். காராயி கொண்டுவந்த இன்னொரு குடத்தை, நிறையத் தண்ணீரோடு, அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தார். வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.