இருமத் தெரியாதவர்

சேதுராமலிங்கத்தின் நெஞ்சைப் பிளந்து, காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை இதயத்தில் வைத்துத் தைத்து, எலும்பைக் கம்பியால் இழுத்துக் கட்டி மூடியிருந்தார்கள். கண் விழித்ததும் அவர் முதலில் தேடியது மனைவி காந்திமதியை அல்ல, தன் மூச்சை.

அது இருந்தது. தொண்டையில் கிடந்த குழாயை எடுத்த பிறகு, பழகின கையால் நூல் நூற்கிற மாதிரி அதை இழைத்து இழைத்து மெலிசாக்கினார். வலி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டது.

அவர் கரைமடத்துச் சீடர். நிலஅளவைத் துறையில் சங்கிலி பிடித்து அலைந்த காலத்திலேயே போய்ச் சேர்ந்தவர். குளத்துக்கரையில் ஓடு வேய்ந்த சின்ன மடம். அங்கே சொல்லித் தருவது ஒன்றுதான்: மூச்சை மெலிசாக்குவது. கண்மூடி உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கு நேரே ஒரு துணுக்குப் பஞ்சைப் பிடிப்பார்கள். பஞ்சு அசையக் கூடாது. சேதுராமலிங்கம் உட்கார்ந்தால் அசையாது. புதிதாக வருகிறவர்களைக் கூட்டிவந்து, "இவரைப் பாருங்க" என்று காட்டுவார்கள்.

உட்கார்ந்திருப்பவரை யாரும் தொடக் கூடாது என்பதும் அந்த மடத்து வழக்கம்.

வீட்டிலும் அதே சட்டம்தான். அவர் உட்காரும் நேரத்தில் காந்திமதி மிக்சி போடமாட்டாள். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னாலேயே அடுப்பை அணைத்துவிடுவாள். பருப்பு அரைவேக்காடாக இருக்கும். அவர் அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுவார். தன்னைப்போல் பொறுமைக்காரன் இல்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு.

வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் லாரி வைத்துத் தொழில் செய்கிற இசக்கிப்பாண்டி. அவருக்கும் அதே அறுவை. இருமல் வரும்போதெல்லாம் அவர் போடுகிற சத்தத்தில் வராந்தாவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்ப்பார்கள். அவர் பெண்டாட்டி ஒரு தலையணையை அவர் நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டு, "இருமுங்க, இருமுங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்பாள்.

சேதுராமலிங்கம் கண்ணை மூடிக்கொள்வார். பாவம், பயிற்சி இல்லாத மனுஷன்.

"அப்பா, நீங்களும் இருமணும்," என்றாள் கிரேஸ்லின் சிஸ்டர். அந்த வார்டில் மூத்த நர்ஸ் அவள்தான்.

"வரலையே, சிஸ்டர்."

"வருது. உங்க கழுத்துல தெரியுது. அமுக்கிடறீங்க."

அது உண்மைதான். இருமல் அடிநெஞ்சிலிருந்து கிளம்பும். தைத்த எலும்பு அதைக் கேட்டதும் நடுங்கும். அவர் மூச்சை இன்னும் ஒரு இழை குறைப்பார். இருமல் வந்த வழியே திரும்பிப் போய்விடும். எத்தனை வருஷத்துப் பழக்கம் இது. இப்படி ஒரு நாளுக்குத்தான் இத்தனையும் சேர்த்து வைத்தோம் போல என்று அவருக்குத் தோன்றியது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இளைய நர்ஸ் நூர்ஜஹான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே குட்டிக் குட்டியாகப் பந்துகள். குழாயில் வாய் வைத்து இழுத்தால் அவை மேலே எழும்ப வேண்டும்.

"ஒரு பந்தாவது எழும்பட்டும்பா."

"நான் பஞ்சையே அசைக்காதவன்மா."

நூர்ஜஹானுக்குப் புரியவில்லை. காந்திமதியைப் பார்த்தாள். காந்திமதி தலையைக் குனிந்துகொண்டு மடத்து வழக்கத்தைச் சொன்னாள்.

"அது அங்க. இங்க பந்து அசைஞ்சாதான் டாக்டர் எங்களை விடுவாரு," என்றாள் நூர்ஜஹான்.

அவர் கண்ணை மூடினார். காந்திமதியின் வாய் பழக்கதோஷத்தில், "அவங்க உட்கார்ந்துட்டாங்க, சிஸ்டர். கொஞ்சம் பொறுத்து வாங்களேன்," என்றது.

"உட்கார்ந்துட்டாரா? படுத்துல்ல இருக்காரு," என்றது பக்கத்துக் கட்டில்.

மறுநாள் காய்ச்சல் வந்தது. படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இடது நுரையீரலின் அடிப்பாகம் மூடிக் கிடக்கிறது என்றார். சளி கட்டியிருக்கிறது, உள்ளே காற்று போகவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் இருமி வெளியே கொண்டுவரவில்லை என்றால் மறுபடி தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் போட வேண்டியிருக்கும்.

"ஒரு தடவை இறக்கினவருக்கு மறுதடவை இறக்கறது நல்லதில்லைம்மா," என்று காந்திமதியிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் அவளை உலுக்கிவிட்டது.

டாக்டர் போனதும் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கிரேஸ்லின் சிஸ்டர் அவளுக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தாள், எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது, முதுகுக்குப் பின்னால் எப்படிக் கை கொடுப்பது என்று. அவர் கண்ணை மூடியிருந்தார். அவள் கை பாதி தூரம் வந்து அப்படியே நின்றது.

"இந்தாங்க," என்றாள்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அந்த அண்ணாச்சி கத்துறாங்க. அவங்க வீட்டம்மாவுக்கு அவருக்கு எங்க வலிக்குது, எப்ப வலிக்குதுன்னு தெரியுது. எனக்கு ஒண்ணுமே தெரியலை. நீங்க படுத்திருக்கிறதைப் பார்த்தா..."

"பயப்படாதே. நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றார் அவர். அந்த ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு நான்கு இடத்தில் அறுந்தது.

கிரேஸ்லின் சிஸ்டர் காந்திமதியை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பேச்சு அவர் காதில் விழுந்தது.

"அப்பா யாரு சொன்னா கேப்பாரும்மா? மகன், மக?"

"பிள்ளைங்க இல்ல, சிஸ்டர்."

"வேற?"

"மடத்து ஐயா சொன்னா கேப்பாங்க."

"அப்ப அவரை வரச் சொல்லுங்க. இப்பவே."

சேதுராமலிங்கத்துக்கு நிம்மதியாக இருந்தது. தனக்கு மூச்சைச் சொல்லித் தந்த ஐயா வரட்டும். ஐயா பார்த்தால் இவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்லிவிடுவார்.

மத்தியானம் தாண்டி ஐயா வந்தார். சேதுராமலிங்கத்தைவிட வயதில் சிறியவர்தான். தலையில் பாதிதான் நரைத்திருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் வேட்டி கசங்கியிருந்தது. வாசலில் முகத்துக்குக் கட்டச் சொல்லிக் கொடுத்த துணியை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் ஒரு காதில் தொங்கவிட்டிருந்தார். நூர்ஜஹான் சரிசெய்து மாட்டிவிட்டாள்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் ஐயா.

"வலி ஒரு பக்கம் இருக்கு. நான் ஒரு பக்கம் இருக்கேன், ஐயா."

"அம்மா எந்தப் பக்கம் இருக்காங்க?"

சேதுராமலிங்கம் தலையைத் திருப்பித் தேடினார். காந்திமதி கட்டிலின் கால்மாட்டில் தலையணையோடு நின்றிருந்தாள்.

ஐயா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சீடர் மெல்ல, துண்டுதுண்டாகப் பேசினார்.

"நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தான்... செய்யறேன். ஒரு சத்தம் போடலை. ஆனா இவங்க எல்லாரும்... பயப்படறாங்க. நான் செய்யறதுல தப்பு இருக்கா, ஐயா?"

ஐயா படுத்திருந்தவரின் மார்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியவில்லை. பிறகு காந்திமதியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இவரை எப்படி இருமச் சொன்னாங்க?"

"இந்தத் தலையணையை நெஞ்சுல வச்சு..."

"எனக்குக் காட்டுங்க."

"சாமி?"

"எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தந்ததில்லை. காட்டுங்க."

காந்திமதி கிரேஸ்லின் சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் தலையசைத்தாள். காந்திமதி தலையணையை ஐயாவின் நெஞ்சில் பட்டும் படாமலும் வைத்தாள். மடத்துக்குப் போய்வந்த இத்தனை வருஷத்தில் அவருடைய நிழலைக்கூட மிதிக்காமல் நடந்தவள்.

"அழுத்த வேண்டாமா?" என்றார் ஐயா.

"அழுத்தணும், சாமி."

"அழுத்துங்க."

அவள் அழுத்தினாள்.

"க்கும்," என்றார் ஐயா.

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. இசக்கிப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, அது கல்யாண வீட்ல ஆளைக் கூப்பிடுத மாதிரில்லா இருக்கு. இது காணாது. அடிவயித்துல இருந்து கிளப்பணும்."

"எப்படி, அண்ணாச்சி?"

"மொதல்ல மூச்சை நல்லா உள்ள இழுங்க. வண்டிக்குக் காத்து அடிக்கோம்லா, அது மாதிரி."

ஐயா இழுத்தார். அவர் அவ்வளவு பெரிய மூச்சு இழுத்து சேதுராமலிங்கம் பார்த்ததே இல்லை. மடத்தில் அப்படி யாராவது இழுத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியது. முகத்துணி உள்ளே போய் மூக்கோடு ஒட்டிக்கொண்டது.

"இப்ப விடுங்க," என்றாள் நூர்ஜஹான்.

ஐயா இருமினார். பொய்யாக ஆரம்பித்தது, பாதியில் நிஜமாகிவிட்டது. துணியின் இழையோ என்னவோ தொண்டையில் ஏறிக்கொண்டு, நிறுத்த முடியாமல் இருமினார். துணியைப் பிடுங்கி எறிந்தார். கண்ணில் நீர் கொட்டியது. தோள்துண்டு கீழே விழுந்தது. ஒரு கையால் காந்திமதியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார்.

"விட்றாதீங்கக்கா, பிடிச்சுக்கங்க," என்று பக்கத்துக் கட்டில்காரி காந்திமதிக்குச் சொன்னாள்.

"சிஸ்டர், சாமிக்கும் ஒரு கட்டில் போட்ருங்க," என்றார் இசக்கிப்பாண்டி. சொல்லிவிட்டு அவரே சிரித்து, சிரித்த வலியில் "யம்மா" என்று கத்தினார்.

நூர்ஜஹான் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். கிரேஸ்லின் சிஸ்டரின் தோள் குலுங்கியது. சேதுராமலிங்கம் தன் ஐயாவைப் பார்த்தார். சிவந்த மூக்கு, நீர் வழியும் கண், அவிழ்ந்து தொங்கும் குடுமி. அவருக்கே தெரியாமல் உள்ளே ஏதோ உடைந்தது. சிரித்துவிட்டார்.

அவ்வளவுதான். நூல் அறுந்தது. இழைத்து வைத்திருந்த மூச்சு மொத்தமும் கலைந்து, உள்ளே ஆழமாக ஒரு காற்று இறங்கியது. அது தொட்ட இடத்திலிருந்து இருமல் கிளம்பியது. அமுக்கப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. தைத்த எலும்பு இரண்டாகப் பிரிந்து போவது போல இருந்தது. கண் இருட்டியது.

"காந்தி!"

அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பேர். அதற்குப் பிறகு 'இந்தா', 'இங்க வா' என்றே காலம் ஓடிவிட்டது.

காந்திமதி ஐயாவின் நெஞ்சிலிருந்த தலையணையைப் பறித்தாள். ஸ்டூல் சாய்ந்தது, ஐயா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. தலையணையைக் கணவரின் மார்பில் வைத்துத் தன் முழு பாரத்தையும் கொடுத்து அழுத்தினாள். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"இருமுங்க. நான் பிடிச்சிருக்கேன்."

அவர் இருமினார். கத்தினார். மறுபடி இருமினார். கிரேஸ்லின் சிஸ்டர் வாயருகே தட்டைப் பிடித்தாள். நூர்ஜஹான் முதுகைக் குழிந்த உள்ளங்கையால் தட்டினாள்.

"அப்படித்தான்பா. இன்னும் கொஞ்சம். வருது."

வந்தது. பழுப்பாக, கெட்டியாக, ரத்தக் கோடு ஓடி. சிஸ்டர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது வேடிக்கையாக இருந்தது. பிள்ளை பிறந்த வீட்டில் எட்டிப் பார்க்கிற மாதிரி தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டார்கள் எல்லோரும்.

"இன்னொரு தடவை."

"முடியாது, சிஸ்டர்."

"முடியும். அம்மா பிடிச்சிருக்காங்கல்ல."

இன்னொரு தடவை. அதற்கு மேலும் ஒரு தடவை. விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்சிஜன் அளவு மெல்ல ஏறத் தொடங்கியது. சிஸ்டர் கழுத்தில் கிடந்த குழலை அவர் முதுகில் வைத்துக் கேட்டாள். நிமிர்ந்து, "கீழ காத்து போகுதும்மா," என்று காந்திமதியிடம் சொன்னாள். சாயங்காலம் டாக்டரும் வந்து கேட்டுவிட்டு, குழாய் வேண்டாம், இப்படியே இருமிக்கொண்டு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது. இசக்கிப்பாண்டி அசந்து தூங்கிவிட்டார். ஐயா குனிந்து, விழுந்து கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

சேதுராமலிங்கம் வியர்வையில் நனைந்து கிடந்தார். மார்பு ஏறி இறங்கியது, எல்லோருக்கும் தெரியும்படி. காந்திமதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசி இருமல் ஓய்ந்து வெகுநேரம் ஆகியும் அவள் கை தலையணையின் மேலேயே அழுந்தி இருந்தது.

"ஐயா."

"சொல்லுங்க."

"கத்திட்டேன்."

"கேட்டுச்சு."

"எல்லாரும் பார்க்க."

"ஆமா."

சேதுராமலிங்கம் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை தூக்க முடியவில்லை. காந்திமதி முந்தானையால் துடைத்தாள், ஒரு கையால்தான்.

"இத்தனை வருஷம் உட்கார்ந்தேனே, ஐயா. யாரும் தொடாம, ஒரு சத்தம் இல்லாம. ஒரு இருமலுக்குத் தாங்கலை. அவ்வளவும் போச்சா?"

ஐயா துண்டின் நுனியைச் சரிசெய்தார். அந்தத் தலையணையைப் பார்த்தார். அதன் மேல் இருந்த கையைப் பார்த்தார்.

"மறுபடி உட்காரப் போறீங்களா? அம்மாவைக் கையை எடுக்கச் சொல்லட்டுமா?"

சேதுராமலிங்கம் மூச்சை மெலிசாக்காமல் ஆழமாக இழுத்தார்; தலையணையும் அதன் மேலிருந்த காந்திமதியின் கையும் சேர்ந்து உயர்ந்தன.