தேடினால் முதலில் வரும் பெயர்

காங்கேயத்தில் தாராபுரம் சாலையில் தாரணி ஒரு கணினிப் பயிற்சி மையம் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே தொழில் செய்பவர்கள் வருவார்கள். தங்கள் தொழிலுக்குத் தாங்களே வெப்சைட் போடக் கற்றுக்கொள்வார்கள். எல்லோரும் அவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. கயிறு அறுந்தோ குழாய் உடைந்தோ போர்வெல்லுக்குள் விழுந்துவிடும் மோட்டாரைத் தூக்கிக் கொடுப்பது அவர் தொழில். வகுப்பில் எல்லோரையும்விட மெதுவாகத் தட்டச்சு செய்வார். ஒரு வாரமும் தவறாமல் வருவார்.

அன்று காலை அவர் ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார்.

"டீச்சருங்க, வெப்சைட்டுக்குப் புதுசா நாலு பேரு எழுதிட்டு வந்திருக்கறேன். எதை வாங்கறதுன்னு சொல்லுங்க."

தாரணி படித்தாள். முதல் பெயர் காங்கேயம் போர் மோட்டார். நான்காவது பெயரில் ஊர், தொழில், பெஸ்ட், நம்பர் ஒன் எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு ஓடின. வரி முடிந்து அடுத்த வரியில் டாட் காம் இருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஸ்டூடியோ ஜெகநாதன் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சென்னி, பேரு உங்க கயித்தவிட நீளமா இருக்குதுங்களே."

"நீங்க போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்ற வேலையப் பாருங்க."

தாரணி கேட்டாள்: "இப்ப இருக்கற பேருக்கு என்னங்ணா கொறை?"

"எம்பேரத்தான வெச்சிருக்கறேன். சென்னியப்பன்னு யாருங்க தேடறா? போர் மோட்டார்னுதான தேடறாங்க. இதே தொழில் செய்யற வெள்ளகோவில்காரன் அதையே பேரா வாங்கி வெச்சுட்டான். தேடுனா மொதல்ல அவந்தான் வர்றான். போன மாசம் எனக்கு நாலே வேலை. இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா வண்டியக் குடுத்துப்போட்டு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேனாப் போகோணும். இந்த வயசுல எவனுக்கோ கேட்டத் தொறந்துவுட்டுட்டு."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"பேருல தொழில் இருந்தா மேல வருமுங்களா?" என்றார்.

"கொஞ்சம் உதவலாம். உதவாமயும் போகலாம். பாக்கறவங்களுக்கு என்ன வேலைன்னு சட்டுனு புரியும். அது நிச்சயம்."

"அப்ப எது?"

அவள் காகிதத்தைத் திருப்பி அவரிடமே கொடுத்தாள்.

"உங்ககிட்ட வேலை வாங்குனவங்க ஏழெட்டுப் பேரப் போய்ப் பாருங்க. அவங்க போன்ல உங்களை என்ன பேர்ல போட்டு வெச்சிருக்காங்கன்னு இதுக்குப் பின்னாடி எழுதிட்டு வாங்க. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

"போயிட்டு வாங்ணா."

அவர் போனார்.

படியூர்த் தென்னந்தோப்பில் அவர் பெயர் 'போர் அண்ணன்'. எழுதிக்கொண்டார். அடுத்த தோட்டத்தில் 'மீசை'. அவரே சிரித்துவிட்டார். மீசையை எடுத்து மூன்று வருடம் ஆகிறது.

சிவன்மலையில் ஒரு பெரியவர் போனைக் காட்டத் தயங்கினார். பிறகு காட்டினார். 'சென்னி நேர்ல போகோணும்' என்று இருந்தது.

"இதென்னங்க மாமா?"

"பையன் போட்டு வெச்சதுங்க. கூப்பிட்டா நீங்க எடுக்க மாட்டீங்கல்ல. அதான், வண்டி எடுத்துட்டு நேர்ல போயிருன்னு."

அதற்கடுத்த வீட்டில் 'மோட்டார் 2'. 'மோட்டார் 1' யார் என்று அவர் கேட்கவில்லை. இன்னும் இரண்டு இடங்களில் வெறும் 'போர்க்காரர்'.

ஊதியூரில் கண்ணாத்தாள் கோழிப்பண்ணை வைத்திருந்தாள். இரண்டு தடவை அவளுக்கு மோட்டார் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அவளுடைய போனை வாங்கி முழுக்கத் தேடிப் பார்த்தார். அவர் எண்ணே இல்லை.

"அழிச்சுட்டனுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

"ஏனுங்கம்மிணி?"

"சித்திரையில மோட்டார் உள்ள போயிருச்சு. காலைல இருந்து பதினோரு தடவ உங்களைக் கூப்புட்டேன். மத்தியானத்துக்குள்ள தண்ணியில்லாம முந்நூறு கோழி சுருண்டு விழுந்துருச்சு. அப்பறந்தான் எம்மவ கூகுள்ல தேடி, மேல இருந்தவனக் கூப்பிட்டா."

"வெள்ளகோவில்காரனுங்களா?"

"எந்தூர்க்காரனோ. வெப்சைட்டுக்கு என்னமோ நீளமாப் பேரு வெச்சிருக்கறான், வாயில நொழையல. நான் 'ஒடனே வந்தவரு'ன்னு போட்டு வெச்சிருக்கறேன். மோரு குடிக்கறீங்களா?"

குடித்தார். அவள் சொன்னதை எழுதவில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மையத்துக்குத் திரும்பி வந்தார். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். தாரணி காகிதத்தின் பின்பக்கத்தைப் படித்தாள்.

"ஆறுதான் இருக்குது."

"ஏழாவதுக்குப் பேரே இல்லீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாத்தாள் கதையைச் சொன்னார். முந்நூறு என்ற எண்ணை இரண்டு தடவை சொன்னார்.

"கூப்பிட்டா ஏனுங்ணா எடுக்கறதில்லை?"

"வேலை செய்யறப்பப் போனை வண்டிப் பெட்டிக்குள்ள போட்டுருவனுங்க. ஒருக்கா குண்டடத்துல குனிஞ்சப்ப சட்டைப் பையிலிருந்து போருக்குள்ள போயிருச்சு. அன்னைக்கு மோட்டாரத் தூக்கிட்டேன், போனத் தூக்க முடியல."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"வேலை முடிஞ்சப்பறம் பாக்க மாட்டீங்ளா?"

"பாப்பனுங்க. புது நம்பரா இருக்கும். லோன் வேணுமான்னு கேக்கறவனுகளா இருக்கும்னு வுட்டுருவேன். வேணுங்கறவங்க மறுக்காக் கூப்பிடுவாங்கன்னு."

"கூப்பிட்டாங்ளா?"

 

அவர் காகிதத்தை மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"இருந்தாலும் இதுல ஒண்ணச் சொல்லிப்போடுங்க டீச்சர்."

"மொதப் பேரு நல்லா இருக்குது. சின்னதா இருக்குது. அதையே வாங்கிக்கலாம். இன்னைக்கு எத்தனை மிஸ்டு கால்?"

சென்னியப்பன் வெளியே போய், வண்டிப் பெட்டியைத் திறந்து, போனை எடுத்துப் பார்த்தபடியே உள்ளே வந்தார்.

"மூணு பேருங்க."

"தெரிஞ்சவங்களா?"

"இல்லீங்க. மூணும் புது நம்பரு. ஒருத்தரு அஞ்சு தடவ கூப்புட்டிருக்கறாரு."

தாரணி கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அழுத்தவில்லை.

"டீச்சருங்க."

"சொல்லுங்ணா."

"யாரு பேசறதுன்னு கேட்டா எந்தப் பேரச் சொல்றதுங்க? பழசா, புதுசா?"

"கேக்க மாட்டாங்க. எப்ப வருவீங்கன்னுதான் கேப்பாங்க."