கால்மாட்டுச் சூடு

“லேப்டாப்பையே வெச்சுக்கறதா, சின்ன டெஸ்க்டாப் ஒண்ணு வாங்கிப் போடறதா? நீங்கதான் சாமி சொல்லோணும்.”

திருமூர்த்தி கேட்டது இதைத்தான். பிறவி எதற்கு, செத்த பிறகு என்ன என்று கேட்டுக்கொண்டு குருவிடம் வந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது எல்லோரும் எதை வாங்கலாம் என்று கேட்கத்தான் வருகிறார்கள்.

குரு முகம் சுளிக்கவில்லை. கோயமுத்தூருக்கு வெளியே, மூடிப்போன ஒரு நூல் மில்லின் வாட்ச்மேன் அறையில் அவர் இருந்தார். திருமூர்த்தியின் வயதுதான் அவருக்கும் இருக்கும்.

“என்ன ஆச்சு?”

“சுடுதுங்க சாமி. மேல தோசை ஊத்தலாம், அந்தளவுக்குச் சுடுது. ஒரு படம் போட்டு முடிக்கறதுக்குள்ள பட்டுன்னு அணைஞ்சு போகுது.”

திருமூர்த்தி ஒரு பம்பு கம்பெனிக்கு வரைபடம் போடுகிறவர். மனைவி கலாமணி படுத்த படுக்கையானதிலிருந்து வீட்டிலிருந்தே வேலை. அவளுக்கு இதயம் வீங்கிப்போயிருந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று திருமூர்த்திக்கும் தெரியும், கலாமணிக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

குரு வாசலில் கிடந்த துவைக்கிற கல்லைக் காட்டினார்.

“இதுல வெச்சு வேலை செய்யுங்க.”

சார்ஜர் வயரை ஜன்னல் வழியாக இழுத்து அவரே உள்ளே மாட்டிவிட்டார். திருமூர்த்தி கல்லில் லேப்டாப்பை வைத்து, தரையில் உட்கார்ந்து படம் போட்டார். வெயில் சாயும்வரை போட்டார். ஒருதடவைகூட அணையவில்லை.

குரு அதன்மேல் கை வைத்துப் பார்த்தார்.

“இங்க சுடலயே.”

“அதானுங்க சாமி புரியல. ரிப்பேர் கடைக்காரன் பிரிச்சு ஃபேனைத் துடைச்சுக் குடுத்தான். கடையிலயும் சுடல. வீட்டுக்குப் போனாத்தான் சுடுது.”

“வீட்டுல எங்க வெக்கறீங்க?”

“கட்டில்ல. கலாமணி கால்மாட்டுல உக்காந்துக்குவேன். தனியா இருந்தா பயப்படறா. மெத்தை காத்தை அடைக்கும்னு பலகை போட்டு அது மேலதானுங்க வெக்கறேன். அதுகூடத் தெரியாதா எனக்கு?”

“சூடான காத்து எந்தப் பக்கம் வெளிய போகுது?”

“பின்னால.”

“பின்னால யாரு?”

“யாரும் இல்லீங்க. அவதான் போர்வையப் போத்திட்டுப் படுத்திருக்கறா.”

குரு லேப்டாப்பின் மூடியைப் பார்த்தார். அதன் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது.

“பொட்டு யாரு வெச்சது?”

“கலாமணிதானுங்க. போன ஆயுத பூஜைக்கு வெச்சது. அவளுக்கு இது சரஸ்வதி. தினமும் நான் வேலை முடிச்சு மூடறப்ப இதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவா. முடியாத நாள்லகூட எட்டித் தொட்டுருவா. அத்தனை பக்தி.”

“அடுத்த தடவை சுடறப்ப, எந்திரிச்சுப் போய்ப் பின்பக்கம் பாருங்க. அப்புறமா வாங்கலாம்.”

சீடர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. குரு கதவைச் சாத்து என்றால் ஐம்புலன்களைச் சாத்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். காற்று வந்து விளக்கு அணைந்துவிடும்.

திருமூர்த்தியும் பஸ்ஸில் போகும்போது அந்த வார்த்தையை ஆழமாக யோசித்தார். வாழ்க்கையின் பின்பக்கம், ஆசையின் பின்பக்கம் என்று எங்கெங்கோ போய் வந்தார். வீட்டுக்குப் போனதும் லேப்டாப்பின் பின்பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை.

அந்த வாரமே ஒரு பெரிய படத்தின் நடுவில் லேப்டாப் மறுபடி அணைந்தது. பாதி நாள் வேலை போயிற்று. மறுநாள் காலையில் அவர் கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த முறை வந்தபோது கையில் ஒரு சீப்பு பூவன்பழம் இருந்தது.

“டெஸ்க்டாப்பே வாங்கிட்டேனுங்க சாமி. பெட்டி சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்குது. முன்னறையில மேசை போட்டு வெச்சுட்டேன். சத்தமே இல்ல, சூடே இல்ல. தொட்டா சில்லுன்னு இருக்குது. ஒரு படம்கூடப் பாதியில நிக்கல.”

“பழசு?”

“பீரோ மேல கிடக்குதுங்க.”

“பின்பக்கம் பாத்தீங்களா?”

“அதையேதான் நினைச்சுட்டு இருக்கறேன். இன்னும் பிடிபடலீங்க.”

குரு பழச் சீப்பை ஓரமாக வைத்தார்.

“கலாமணி?”

திருமூர்த்தியின் முகத்திலிருந்த சந்தோஷம் இறங்கிவிட்டது.

“சோறு எறங்கலீங்க. கால் ரெண்டும் ஐஸு மாதிரி ஆயிருச்சு. சாக்ஸ் போட்டுவிட்டேன். வெந்நீர்ப் பை வெச்சேன், கொதிக்குதுன்னு தள்ளிட்டா. புத்தியும் கொஞ்சம் தடுமாறுதுன்னு நினைக்கறேன்.”

“ஏன்?”

“மெஷினு நல்லாயிருச்சா மாமா, நல்லாயிருச்சா மாமான்னு அதையேதான் கேக்கறா. மறுபடியும் கட்டில்ல வெச்சு வேலை செய்வீங்களான்னு கேக்கறா. இனி உனக்கு அந்தத் தொந்தரவு இல்ல கலா, நிம்மதியாத் தூங்குன்னேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அழுதா போல இருக்குது.”

மில்லின் உடைந்த கூரைக்குள்ளிருந்து புறாக்கள் எழுந்து பறந்தன. குரு திருமூர்த்தியின் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்க சாமி.”

“ஒரு புஸ்தகம் கிடக்குது. அதைத் தொட்டு நாம எப்பக் கண்ணுல ஒத்திக்குவோம்?”

“எப்பன்னா... தெரியாம கால் பட்டுருச்சுன்னா...”

திருமூர்த்தி அப்படியே நின்றுவிட்டார்.

பலகை கண்முன் வந்தது. அதன்மேல் லேப்டாப். நிமிர்ந்து நின்ற திரைக்கு அந்தப் பக்கம், போர்வைக்குள், இரண்டு பாதங்கள். ஒரு நாளும் அவர் எழுந்து போய்ப் பார்க்காத பக்கம்.

“சூட்டுக் காத்து வர்ற ஓட்டையிலயா சாமி காலை வெச்சு அடைச்சுட்டு இருந்தா?”

திருமூர்த்தி வாசலில் கிடந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

“சரஸ்வதின்னு பொட்டு வெச்சவ, அதுமேல காலை வெச்சுட்டு, தினமும் மன்னிப்புக் கேட்டுட்டு இருந்திருக்கறா. நான் உக்காந்திருந்தேனே! ஒரு முழம் தள்ளி நான் உக்காந்திருந்தேனே சாமி! எங்கிட்டக் கேட்டிருக்கலாமே, காலைப் பிடிச்சு விடுங்கன்னு!”

“கேப்பாளா?”

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒருதடவை அவர் கலாமணியின் பாதத்தைத் தொட்டார். நெருப்புப் பட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். புருசன் என் காலைத் தொட்டா அந்தப் பாவத்தை நான் எங்க கொண்டுபோய்த் தொலைக்கறது மாமா என்று கேட்டாள். அவரும் விட்டுவிட்டார். விட்டுவிடுவது அவருக்கும் சுலபமாகத்தான் இருந்தது.

சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“பழைய லேப்டாப்பை எடுத்து மறுபடியும் கால்மாட்டுல வெச்சுர்றேன். ஒண்ணும் கெட்டுப் போகல. நாள் பூரா ஓடட்டும். அப்படி வெச்சா போதுமுங்களா சாமி?”

குரு எழுந்தார். திருமூர்த்தியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவருடைய வலது பாதத்தை எடுத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

“ஐயோ சாமி! என்ன பண்றீங்க! விடுங்க, பாவம் சாமி!”

திருமூர்த்தி காலை இழுத்தார். குரு விடவில்லை. மறுபடி இழுத்தார். அப்போதும் விடவில்லை.

“சூடா இருக்குதுங்களா?”

திருமூர்த்தி இழுப்பதை நிறுத்தினார். ஆமென்று தலையை ஆட்டினார்.

குரு காலை விட்டார்.

திருமூர்த்தி செருப்பை மறந்துவிட்டு ரோட்டுக்கு ஓடினார்.

வீட்டில் முன்னறை மேசைமேல் புது டெஸ்க்டாப் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தாண்டி உள்ளே போனார்.

கலாமணி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்குள் கை விட்டு, சாக்ஸை மெல்ல உருவினார். இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கல்லைப் பிடித்ததுபோல் இருந்தது. அவர் விடவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் உதடு அசைந்தது. கண் திறக்கவில்லை.

“மெஷினு நல்லாயிருச்சுங்களா மாமா? சூடு வருதே.”

“ஆமா கலா,” என்றார் திருமூர்த்தி. “நல்லாயிருச்சு.”