வெள்ளைப் பல்சக்கரம்

மலைமேல் ஒரு கன்னியர் மடம். அதை ஒட்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே சனிக்கிழமை மதியம் அறிவியல் ஆய்வகத்தின் கதவைத் திறந்தால், ஒரு கன்னியாஸ்திரியும் ஒரு வேன் டிரைவரும் எதிரெதிரே உட்கார்ந்து பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி வண்டி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

பொம்மை வண்டி என்று சொல்லிவிடக் கூடாது. இருவருக்கும் முகம் சுண்டிப்போகும். மோட்டார் உண்டு, பேட்டரி உண்டு, பல்சக்கரம் உண்டு, ரிமோட்டும் உண்டு. இதுவரை ஒரு டிராக்டர், ஒரு ரோடு ரோலர், கயிற்றில் வாளி தூக்கும் கிரேன் என்று கட்டி, ஓட்டிப் பார்த்து, பிரித்து மறுபடி டப்பாவில் போட்டிருக்கிறார்கள்.

குரு, சிஸ்டர் பெனித்தா. இயற்பியல் டீச்சர், வயது முப்பத்தாறு. சீடர், சூசைமாணிக்கம். வயது ஐம்பத்து நாலு.

மூன்று வருடத்துக்கு முன்னால் கேலி பண்ணத்தான் அவர் உள்ளே வந்தார்.

"என்ன சிஸ்டர், எல்.கே.ஜி.யில சேர்ந்துட்டீங்களா?"

"இந்த ஆக்சில் ஏன் கோணுதுன்னு சொல்லிட்டு அப்புறம் சிரிங்க, அண்ணே."

உட்கார்ந்தவர்தான். அப்புறம் எந்தச் சனிக்கிழமையும் தப்பியதில்லை.

இப்போது மூன்று மாதமாக அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது மஞ்சள் வேன். சூசைமாணிக்கம் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனேதான், அளவில் மட்டும் சிறியது. கதவு திறக்கும், முன்சக்கரம் திரும்பும். உள்ளே எட்டு பொம்மைப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

நிஜ வேனை அவர் இருபத்தாறு வருடமாக அந்த மலைப்பாதையில் ஓட்டுகிறார். ஒரு கீறல் கிடையாது. அந்த வேனில் போய் வந்த பிள்ளைகள் பெரியவர்களாகி, தங்கள் பிள்ளைகளை அதே வேனில் ஏற்றிவிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வரும்போதும் "வேன் அங்கிள்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம், ஏழாவது நிறுத்தம். யு.கே.ஜி. பிள்ளை ஒன்று இறங்கிற்று. கதவைச் சாத்தி, கியர் போட்டு, கிளச்சிலிருந்து காலை எடுக்கப் போனார். ஏனோ எடுக்கவில்லை. அந்த ஒரு நொடியில் வேனின் மூக்குக்குக் கீழேயிருந்து ஒரு சிவப்பு ரிப்பன் எழுந்து வந்தது.

உருண்டுபோன டிபன் டப்பா மூடியை எடுக்கக் குனிந்திருக்கிறது பிள்ளை. மூடியைத் தூக்கிக் காட்டி, "கெடைச்சிடுச்சு அங்கிள்!" என்று சிரித்துவிட்டு ஓடிற்று.

எதிர்ப்பக்கம் வீட்டு வாசலில் கைக்குழந்தையோடு நின்ற அதன் அம்மா வழக்கம்போலக் கையாட்டினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் அவரை இன்னும் அறுத்தது.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கினார். வேனை ஒரு சுற்றுச் சுற்றி, முழங்காலை ஊன்றி அடியில் எட்டிப் பார்த்து, அப்புறம்தான் ஏறினார். எட்டே முக்காலுக்கு முதல் மணி. வேன் வந்து சேர ஒன்பதாகிவிடும். "டயருக்குக் கீழ என்ன அங்கிள், புதையலா?" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். தினமும் லேட் என்று பெற்றோர் தலைமையாசிரியை மதருக்கு எழுதிப் போட்டார்கள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கியதே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆய்வகத்துக்கு வந்ததும் வேன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்தோணியார் படம் கோர்த்த சாவி.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க, அண்ணே."

"இந்தப் பயத்தை எப்படி எடுக்கிறது?"

சிஸ்டர் மஞ்சள் கட்டை ஒன்றை அமுக்கிப் பொருத்திக்கொண்டிருந்தார். "எங்க இருக்கு?"

"கையில இருக்கு. வயித்துல இருக்கு. வண்டி எடுக்கிறப்ப காதுல வந்து உக்காந்துக்குது."

"என்ன பண்ணிப் பார்த்தீங்க?"

"ஜெபமாலை சொன்னேன். மந்திரிச்ச எண்ணெய் தடவினேன். ஆட்டுக்கால் சூப்புகூட குடிச்சுப் பார்த்துட்டேன்."

"சூப்பு எப்படி இருந்துச்சு?"

"சூப்பு நல்லாத்தான் இருந்துச்சு." அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "எடுக்க வழி இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா சாவியை வாங்கிக்கங்க. எஸ்டேட்ல ஜீப் ஓட்டுற லியோ வர்றேன்னு சொல்றான். திங்கட்கிழமையே வந்துருவான். பயமான்னு கேட்டேன், எனக்கான்னு சிரிக்கிறான்."

சிஸ்டர் சாவியைப் பார்த்தார். தொடவில்லை.

"முதல்ல நம்ம வண்டியை ஓட்டிப் பார்த்துடுவோம்."

அந்தப் பேச்சை எடுத்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அதுல ஒரு குறை இருந்துச்சு, சிஸ்டர். நேத்து சாயந்திரம் வந்து நானே சரி பண்ணிட்டேன்."

"என்ன குறை?"

"மோட்டார் பக்கத்துல வெள்ளையா ஒரு பல்சக்கரம் போட்டிருந்தீங்கல்ல? பாரம் கூடினா வழுக்குது. டக்கு டக்குன்னு சத்தம் வேற. பல்லு தேய்ஞ்சு போச்சு போல. எடுத்துட்டு, சாம்பல் கலர்ல கெட்டியா ஒண்ணு போட்டுட்டேன். இப்ப கேளுங்க, மூச்சுச் சத்தம் இருக்காது."

வண்டியில் ஒரு சத்தம் வந்தால் அதை இல்லாமல் ஆக்கிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பார். இருபத்தாறு வருடத்துப் பழக்கம்.

"ஓட்டுங்க," என்றார் சிஸ்டர்.

மஞ்சள் வேன் தரையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. மேஜைக் காலைச் சுற்றிற்று, ஜன்னலோரம் போயிற்று, திரும்பி வந்தது. சத்தமே இல்லை. சூசைமாணிக்கம் குருவை ஓரக்கண்ணால் பார்த்தார்.

சிஸ்டர் அலமாரியிலிருந்து இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்து வந்து, வண்டிக்கு முன்னால் வைத்தார்.

"தள்ளிடும் பாருங்க," என்று சூசைமாணிக்கம் பட்டனை விடாமல் அழுத்தினார்.

வேன் கல்லில் முட்டி நின்றது. சக்கரம் தரையைக் கவ்விக்கொண்டது. கல் அசையவில்லை. உள்ளே மோட்டார் மெல்ல முனகிற்று. அவர் இன்னும் அழுத்தினார்.

பட்டென்று பக்கவாட்டுச் சுவர் தெறித்தது. கதவு ஒரு பக்கம், கூரை ஒரு பக்கம். எட்டு பிள்ளைகளும் தரையில் உருண்டார்கள். உள்ளே ஆக்சில் முறுக்குப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, மூணு மாசம் சிஸ்டர்!"

"சத்தம் வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? வந்திருந்தா கையை எடுத்திருப்பேனே!"

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். சிஸ்டர் குனிந்து பொம்மைப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"அந்த வெள்ளைச் சக்கரம் எங்க, அண்ணே?"

"கெட்டுப்போனதுன்னு குப்பைக் கூடையில போட்டுட்டேன்."

கூடையைத் தரையில் கவிழ்த்தார்கள். இரண்டு பேரும் முழங்காலிட்டுத் தேடினார்கள். பென்சில் சீவலுக்கும் ஆரஞ்சுத் தோலுக்கும் நடுவில் கிடந்தது. சிஸ்டர் அதை அங்கியின் ஓரத்தில் துடைத்து, நடுவில் ஒரு புது ஆக்சிலைச் செருகினார். சக்கரத்தைத் தன் விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆக்சிலை அவர் பக்கம் நீட்டினார்.

"திருகுங்க."

மெதுவாகத் திருகினார். அசையவில்லை. பலத்தைக் கொடுத்துத் திருகினார். டக். ஆக்சில் மட்டும் சுற்றிற்று. சக்கரம் சிஸ்டரின் விரலுக்குள்ளேயே இருந்தது.

"நடுவுல தனியா ஒரு வளையம் சுத்துதே!"

"ஆமா."

"அப்ப இது தேய்ஞ்சதில்லையா?"

"செய்யும்போதே இப்படித்தான் செஞ்சாங்க."

வண்டியை மறுபடி கட்டி முடிக்கும்போது மணி மூன்றரை ஆகிவிட்டது. நல்லவேளை, மோட்டார் பிழைத்துக்கொண்டது. வெள்ளைச் சக்கரத்தை சூசைமாணிக்கமே அதன் இடத்தில் வைத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. பிள்ளைகளை ஒவ்வொன்றாக உள்ளே உட்காரவைத்தார். சிவப்புத் தொப்பி போட்ட பொம்மையை மட்டும் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டு வைத்தார்.

எடைக்கல் அதே இடத்தில் இருந்தது. வேன் போய் முட்டிற்று.

டக் டக் டக் டக்.

பட்டனிலிருந்து அவர் விரல் தானாக எழுந்தது. உள்ளே எட்டு பிள்ளைகளும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். வேனைப் பின்னால் எடுத்தார். கல்லைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். ஜன்னல்வரை போய் நிறுத்தினார்.

வெளியே யாரோ தேநீருக்கு மணி அடித்தார்கள்.

"சிஸ்டர்," என்றார் சூசைமாணிக்கம். "அது சரி. ஆனா என் கை இன்னும் நடுங்குது. பாருங்க."

நீட்டினார். நடுங்கத்தான் செய்தது.

சிஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். ஒரு அக்கா பார்க்கிற மாதிரி இருந்தது, வயதில் பதினெட்டு குறைந்தவர் என்றாலும்.

"ஒவ்வொரு நிறுத்தத்துலயும் இறங்கிச் சுத்திப் பார்க்கிறீங்களே, எவ்வளவு நேரம் ஆகுது?"

"ஒரு நிமிஷம், கொஞ்சம் கூடவும் ஆகும். பதினாலு நிறுத்தம் இருக்கே. அதான் தினம் கால் மணி நேரம் லேட்டாகுது. பெத்தவங்க கேக்கிறதுல தப்பே இல்ல, சிஸ்டர்."

"லியோ இறங்குவானா?"

"அவன் எதுக்கு இறங்கறான்? அவனுக்குத்தான் பயமில்லையே. அடிச்சு ஓட்டிட்டு எட்டரைக்கே வந்து நிப்பான்."

சிஸ்டர் பெனித்தா மேஜைமேல் கிடந்த சாவியை, அந்தோணியார் படத்தில் ஒரு விரலை வைத்து, மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார்.

"திங்கட்கிழமையிலிருந்து முதல் மணி ஒன்பதுக்குத்தான் அடிக்கும், அண்ணே. நேத்தே மதர் கையெழுத்துப் போட்டுட்டாங்க."